பேஸ்பால் பிட்சரின் முழங்கை: ஓய்வா, ஆபரேஷனா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் உயர்மட்டப் போட்டியான மேஜர் லீக் பேஸ்பால் பார்ப்பவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம். நன்றாக எறிந்துகொண்டிருந்த பிட்சர், அதாவது பேட் பிடிப்பவருக்குப் பந்து எறிபவர், திடீரென்று கையை உதறுகிறார். பயிற்சியாளர் ஓடி வருகிறார். மறுநாள் எம்ஆர்ஐ ஸ்கேன். அதற்கடுத்த நாள், இன்னொரு மருத்துவரிடமும் கருத்து கேட்கப்போவதாக அணி அறிவிக்கிறது. அப்புறம் வாரக்கணக்கில் ஒரே விவாதம்: ஓய்வு கொடுத்துப் பார்ப்பதா, உடனே ஆபரேஷன் செய்துவிடுவதா? அந்த விவாதத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

முழங்கையில் கிழிவது எது?

முழங்கையின் உள்பக்கம், அதாவது உடம்பை ஒட்டிய பக்கத்தில், மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் இணைத்துப் பிடிக்கும் ஒரு ஜவ்வு இருக்கிறது. மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக யுசிஎல் என்பார்கள். அதிலும் முன்பக்கப் பட்டைதான் முக்கியம். முன்கை வெளிப்பக்கமாகப் பிளந்துகொண்டு போகாமல் தடுப்பது அதுதான். சாதாரண வாழ்க்கையில் அதற்குப் பெரிய வேலை இல்லை. சாப்பிடவும் வண்டி ஓட்டவும் மூட்டை தூக்கவும் அது கிழிந்திருந்தால்கூடப் பெரும்பாலும் முடியும். பந்தை வேகமாக எறியத்தான் முடியாது.

ஒரு பந்தை எறிவதில் அப்படி என்ன சுமை?

பிட்சர் கையைப் பின்னால் முழுக்க வளைத்து, முன்னால் கொண்டுவரத் தொடங்கும் நொடியில் முழங்கையின் உள்பக்கம் பிளக்கும் திசையில் விசை ஏறுகிறது. ஆய்வகங்களில் அளந்தபோது அது சுமார் 64 நியூட்டன் மீட்டர் வந்தது. இறந்தவர்களின் முழங்கையை வைத்துச் சோதித்தால் இந்த ஜவ்வு மட்டும் தனியாக அதில் ஏறக்குறைய பாதியிலேயே அறுந்துவிடுகிறது. அப்படியானால் ஒவ்வொரு எறியிலும் ஏன் அறுவதில்லை? முன்கையின் உள்பக்கத் தசைகளும் எலும்புகளின் பொருத்தமும் மீதிச் சுமையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. தசை களைத்துப்போனால் அந்தப் பங்கும் ஜவ்வின் தலையில் விழுகிறது. களைப்போடு எறிவது ஏன் இவ்வளவு ஆபத்து என்பதற்கும், ஓய்வு சிகிச்சையில் ஏன் தசைப் பயிற்சிக்கு இவ்வளவு இடம் என்பதற்கும் காரணம் இதுவே.

இதோடு வேகமும் சேர்ந்துகொண்டது. மேஜர் லீக்கில் ஃபாஸ்ட்பாலின் சராசரி வேகம் 2008ல் மணிக்கு 91.3 மைல். 2024ல் அது 94.2 மைல், நம் கணக்கில் 150 கிலோமீட்டருக்கு மேல்.

கிரிக்கெட் பந்துவீச்சாளர்களுக்கு இது அதிகம் வருவதில்லையே, ஏன்?

கிரிக்கெட்டில் வீசும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது. மடங்கிய கை சாட்டையாக விரியும் அந்த அசைவு அங்கே விதிக்குப் புறம்பு. வேகப்பந்து வீச்சாளர்களுக்குச் சுமை ஏறும் இடம் கீழ்முதுகு. அதனால்தான் அங்கே எலும்பு விரிசல்.

ஸ்கேனில் கிழிவு தெரிந்துவிட்டது. அப்படியானால் ஆபரேஷன்தானே?

இல்லை. விடையின் முதல் பாதியைத்தான் ஸ்கேன் சொல்கிறது. பல வருடம் எறிந்த பிட்சர்களின் ஜவ்வு, வலியே இல்லாதபோதும் ஸ்கேனில் சேதமடைந்ததாகத் தெரிவது சகஜம். அதனால் மருத்துவர் கையைப் பிடித்து, முழங்கையை மடக்கி விரித்து அழுத்திப் பார்ப்பார். ஸ்கேனில் தெரியும் இடமும் வலிக்கும் இடமும் ஒன்றுதானா என்பது அப்போதுதான் தெரியும்.

அதன்பிறகு வரும் கேள்விகளில் முதலாவது, முழுக் கிழிவா, பாதிக் கிழிவா என்பது. முழுக்க அறுந்த ஜவ்வு ஓய்வில் ஒட்டி, பழைய வேகத்தில் எறியும் அளவுக்குத் தேறும் என்று எதிர்பார்க்க முடியாது. எறிவதைத் தொழிலாகத் தொடர நினைக்கும் பிட்சருக்கு அங்கே காத்திருப்பதில் பயனில்லை. பாதிக் கிழிவில்தான் உண்மையான யோசனை தேவை.

அடுத்தது கிழிவு எந்த முனையில் என்பது. மேல்கை எலும்பை ஒட்டிய முனையில் கிழிந்தால் ஓய்வில் தேறும் வாய்ப்பு கூடுதல், முன்கை எலும்பை ஒட்டிய கீழ்முனையில் கிழிந்தால் குறைவு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மேல்முனைக்கு ரத்த ஓட்டம் அதிகம் என்பது ஒரு விளக்கம். செய்தியில் பலரும் கவனிக்காமல் விடும் விவரம் இது. 'பாதிக் கிழிவு' என்று மட்டும் எழுதிவிடுவார்கள். எந்தப் பக்கம் என்பதில் பாதி விடை இருக்கிறது.

மூன்றாவது அந்த மனிதரின் நிலைமை. வயது என்ன, ஒப்பந்தம் எத்தனை வருடம், சீசனில் எந்த மாதம், இன்னும் எவ்வளவு காலம் எறிய ஆசை. ஒரே ஸ்கேன் முடிவுக்கு 23 வயதுக்காரருக்கு ஒரு பதிலும் 37 வயதுக்காரருக்கு வேறொரு பதிலும் சரியாக இருக்கலாம்.

ஓய்வு என்றால் சும்மா இருப்பதா?

சும்மா இருப்பது முதல் சில வாரங்கள் மட்டும். பொதுவாக 6 வாரம் முதல் 3 மாதம் வரை பந்தைத் தொட விடமாட்டார்கள். ஆனால் அந்த நாட்களிலேயே வேலை ஆரம்பமாகிவிடும். முன்கையின் உள்பக்கத் தசைகள், தோள்பட்டை, முதுகு, இடுப்பு, கால் எல்லாவற்றுக்கும் பயிற்சி. கால், இடுப்பிலிருந்து வர வேண்டிய வலு வராவிட்டால் அந்தக் குறையைக் கை ஈடுகட்டப் பார்க்கும், சுமை மறுபடி முழங்கைக்கே போகும்.

வலி முழுதும் போன பிறகு படிப்படியாக எறிதல். 45 அடி தூரத்தில் தொடங்கி 60, 90, 120 என்று தூரத்தைக் கூட்டுவார்கள். ஒவ்வொரு படியிலும் வலி வருகிறதா என்று பார்ப்பார்கள். வந்தால் ஒரு படி கீழே. கடைசியில்தான் ஆட்டத்தில் பிட்சர் நின்று எறியும் மேட்டில் ஏறி முழு வேகத்தில் எறிவது. ஓய்வு தோற்றுவிட்டதாகச் சொல்லும் சிலரை விசாரித்தால், வலி நின்றதுமே அவசரமாக மேட்டில் ஏறியிருப்பார்கள். அதை ஓய்வு தோற்றதாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

ஓய்விலேயே தேறியவர்கள் யாராவது உண்டா?

உண்டு. மிகவும் நம்பிக்கை தரும் பெயர் மசாஹிரோ தனாகா. ஜப்பானிலிருந்து 7 வருடத்துக்கு 155 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் நியூயார்க் யாங்கீஸுக்கு வந்தவர். முதல் சீசனிலேயே, 2014 ஜூலையில், ஜவ்வில் சிறு கிழிவு. வெளியே இருந்தவர்கள் பலர், எப்படியும் அறுந்துபோகத்தான் போகிறது, இப்போதே ஆபரேஷன் செய்து தொலையட்டும் என்றார்கள். பரிசோதித்த மருத்துவர்களோ முதலில் ஓய்வு என்றார்கள். ரத்தத் தட்டணு ஊசி போட்டு, பயிற்சி செய்து, அந்த செப்டம்பரிலேயே திரும்பி வந்தார். 2019 வரை ஒரு சீசனில்கூட அவர் கணக்கில் 11 வெற்றிக்குக் குறையவில்லை. 2020 வரை யாங்கீஸுக்கு எறிந்தார், ஜவ்வு ஆபரேஷன் இல்லாமலேயே. அவசரப்பட்டிருந்தால் அந்த 2014 இறுதியும் 2015 முழுவதும் போயிருக்கும்.

பிலடெல்ஃபியாவின் ஏரன் நோலா இன்னொருவர். 2016ல் ஜவ்வில் லேசான சேதம் என்று சீசன் பாதியில் நின்றது. ஆபரேஷன் செய்யவில்லை. 2018ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாக்கெடுப்பில் மூன்றாம் இடம். அதன் பிறகும் பல வருடம், சலிக்காமல் அதிக இன்னிங்ஸ் எறிபவர்களில் ஒருவராக இருந்தார்.

ஓய்வு கைகொடுக்காமல் போனவர்கள்?

பிட்சிங், பேட்டிங் இரண்டும் செய்யும் ஷோஹெய் ஒஹ்தானி. 2018 ஜூனில் முழங்கை ஜவ்வில் சேதம். தட்டணு ஊசியும், மூல செல்களைச் செலுத்தும் ஸ்டெம் செல் ஊசியும் போட்டார்கள். செப்டம்பர் 2ஆம் தேதி மேட்டுக்குத் திரும்பினார், ஆட்டத்தின் நடுவிலேயே வேகம் குறைந்தது, ஸ்கேனில் புதிய சேதம். அக்டோபர் 1ஆம் தேதி ஆபரேஷன். 2019 முழுவதும் பிட்ச் செய்யவில்லை.

ஏஞ்சல்ஸ் அணியில் அவருடன் இருந்த காரெட் ரிச்சர்ட்ஸின் கதைதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. 2016 மே மாதம் கிழிவு தெரிந்தது. ஸ்டெம் செல் வழியைத் தேர்ந்தெடுத்தார். 2017ல் சில ஆட்டங்கள், 2018ல் பாதி சீசன், பிறகு அந்த ஜூலையில் ஆபரேஷன். 2016லேயே செய்திருந்தால் 2017 இறுதியில் புதுக் கையோடு நின்றிருக்கலாம். அதே காலத்தில் அதே அணியின் ஆண்ட்ரூ ஹீனியும் ஸ்டெம் செல்லை முயன்றார். தேறவில்லை என்று தெரிந்ததும் சில வாரங்களிலேயே, 2016 ஜூலையில், ஆபரேஷனுக்குப் போய்விட்டார்.

அப்படியானால் ஓய்வெடுத்துப் பார்ப்பது காலவிரயமா?

கெடு வைக்காவிட்டால் காலவிரயம். கெடு வைத்தால் இல்லை.

நாட்காட்டியைப் பாருங்கள். சீசன் மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பரில் முடிகிறது. அக்டோபரில் காயம் தெரிந்தால் 3 மாதம் ஓய்வு கொடுத்துப் பார்ப்பதில் பெரிய நஷ்டம் இல்லை என்று தோன்றும். ஆனால் ஜனவரியில் தேறவில்லை என்று தெரிந்து ஆபரேஷன் செய்தால் அந்த சீசன் போவதோடு அடுத்ததன் ஆரம்பமும் ஆட்டம் காணும். மே மாதம் காயமென்றால் கணக்கு வேறு: அந்த சீசன் எப்படியும் பாதி போய்விட்டது, 8 வாரம் முயன்று ஜூலையில் ஆபரேஷன் செய்தாலும் அடுத்த சீசனின் பெரும்பகுதி மட்டுமே போகும், அதற்கடுத்தது கையில் இருக்கும். எனவே பாதிக் கிழிவு என்றால் முதலில் ஓய்வு என்பதே என் கருத்து. ஆனால் முதல் நாளே தேதி குறிக்க வேண்டும். இந்தத் தேதியில் மறு ஸ்கேன், இத்தனை வாரத்தில் 90 அடியில் வலியில்லாமல் எறிய வேண்டும், இல்லாவிட்டால் ஆபரேஷன் என்று எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். நம்பிக்கை இன்னும் இரண்டு வாரம், இன்னும் இரண்டு வாரம் என்று நீட்டிக்கொண்டே போகும். அதற்கு இடம் கொடுத்தவர்கள்தான் இரண்டு சீசனையும் இழக்கிறார்கள்.

தட்டணு ஊசியும் ஸ்டெம் செல்லும் உண்மையிலேயே வேலை செய்யுமா?

தட்டணு ஊசி என்பது உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் நிறைந்த பகுதியைப் பிரித்து, காயம்பட்ட இடத்தில் போடுவது. ஆரம்ப ஆய்வுகள் சில பிரமாதமான பலன் சொன்னன. ஊசி போடாதவர்களோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. போட்டவர்கள் திரும்பி வர இன்னும் தாமதமானதுதான் அதில் தெரிந்தது. ஸ்டெம் செல்லுக்கு ஆதாரம் இன்னும் மெலிவு. ஊசி போடுவதில் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் பயிற்சிக்குப் பதிலாக ஊசியை நம்பக் கூடாது.

டாமி ஜான் ஆபரேஷன் என்கிறார்களே, அது என்ன?

டாமி ஜான் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸின் இடதுகைப் பிட்சர். 1974 ஜூலையில், 13 வெற்றி 3 தோல்வி என்று உச்சத்தில் இருந்தபோது, மான்ட்ரியால் அணிக்கு எதிரான ஆட்டத்தில் ஜவ்வு அறுந்தது. அதுவரை இந்தக் காயம் வந்த பிட்சர்களுக்கு வழியே கிடையாது, செத்த கை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மருத்துவர் ஃபிராங்க் ஜோப், ஜானின் வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து இடது முழங்கை எலும்புகளில் துளையிட்டுக் கோத்தார். தேதி 1974 செப்டம்பர் 25. திரும்பி எறிய நூற்றில் ஒரு வாய்ப்பு என்று ஜோப் சொல்லியிருந்தார். நரம்பு பாதிக்கப்பட்டு விரல்கள் மடங்கிப்போய், இன்னொரு ஆபரேஷனும் வேண்டியிருந்தது. 1975 முழுக்க ஆடவில்லை. 1976ல் திரும்பினார். 46 வயதில், 1989ல் ஓய்வு பெற்றபோது 288 வெற்றிகள். அதில் 164 அந்த ஆபரேஷனுக்குப் பிறகு வந்தவை.

எடுக்கும் தசைநாண் பெரும்பாலும் மணிக்கட்டிலிருந்து வருவது. கட்டை விரலையும் சுண்டு விரலையும் சேர்த்து, மணிக்கட்டைச் சற்று மடக்கினால் நடுவில் கயிறு மாதிரி ஒன்று எழுந்து நிற்கும், அதுதான். சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது. அவர்களுக்குத் தொடையின் பின்பக்கத்திலிருந்து எடுப்பார்கள். எடுத்துவிட்டால் கைக்குக் குறை எதுவும் தெரியாது.

ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை நாளில் எறியலாம்? எத்தனை பேர் திரும்புகிறார்கள்?

முதல் பந்தை மெதுவாக எறியவே சுமார் 4 மாதம் ஆகும். போட்டியில் முழுதாக எறிய 12 முதல் 18 மாதம். புதிதாக வைத்த தசைநாண் ஜவ்வாக மாறிப் பழக அவ்வளவு காலம் பிடிக்கிறது, பயிற்சியைக் கூட்டி அதைக் குறைக்க முடியாது. 179 மேஜர் லீக் பிட்சர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில் 83 சதவீதம் பேர் மேஜர் லீக்குக்கே திரும்பினார்கள், சராசரியாக 20 மாதத்துக்கு மேல் ஆனது. நல்ல எண்தான். ஆனால் ஆறில் ஒருவர் திரும்பவில்லை என்பதும் அதே எண்ணில் இருக்கிறது. 'அறுந்தாலும் பரவாயில்லை, ஆபரேஷன் இருக்கிறதே' என்று பேசுபவர்கள் அந்த ஆறாவது ஆளை நினைத்துப் பார்ப்பதில்லை.

பேட்டிங் மட்டும் என்றால் கதை வேறு. ஒஹ்தானிக்கு 2023ல் இரண்டாம் முறை ஆபரேஷன் நடந்தது. 2024ல் பிட்ச் செய்யாமல் பேட் மட்டும் பிடித்து 54 ஹோம் ரன், 59 ஸ்டீல் (பந்து அடிபடாமலேயே ஓடி அடுத்த தளத்தைப் பிடிப்பது). மேட்டுக்குத் திரும்பியது 2025 ஜூனில்.

ஆபரேஷன் செய்தால் முன்பைவிட வேகம் கூடுமாமே?

கூடாது. திரும்பியவர்களின் வேகத்தைப் பார்த்தால் அதே அளவு அல்லது கொஞ்சம் குறைவு. சிலருக்குக் கூடியதாகத் தெரிந்தால் அது ஒரு வருடம் உடம்பை வளர்த்த பயிற்சியின் பலன், காயத்துக்கு முன்பே குறைந்துபோயிருந்த வேகம் திரும்பி வந்ததும் ஒரு காரணம். இந்த நம்பிக்கை எவ்வளவு பரவியிருக்கிறது என்றால், அமெரிக்காவில் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில் பள்ளி வீரர்களில் சுமார் பாதிப் பேர், காயமே இல்லாவிட்டாலும் ஆட்டம் மேம்பட ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்றார்கள். நல்ல முழங்கையை யாரும் திறக்கக் கூடாது.

இன்டர்னல் பிரேஸ் என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறதே?

தசைநாண் வைக்காமல், கிழிந்த ஜவ்வையே தைத்து, அதன் மேல் பலமான நாடா ஒன்றைத் துணைக்குப் பொருத்துவது. ஜவ்வு ஒரு முனையில் மட்டும் விட்டுப்போய், மீதி நல்ல நிலையில் இருந்தால் பொருந்தும். ஏறக்குறைய பாதிக் காலத்தில் திரும்பலாம் என்பது இதன் ஈர்ப்பு. செயின்ட் லூயிஸ் பிட்சர் சேத் மனெஸ் 2016 ஆகஸ்டில் செய்துகொண்டு 2017 மே மாதமே மேஜர் லீக்கில் எறிந்தார். தேய்ந்து நைந்த ஜவ்வுக்கு இது சரிவராது. இப்போது பலர் இரண்டையும் சேர்த்தே செய்துகொள்கிறார்கள். யாங்கீஸ் பிட்சர் கெரிட் கோலுக்கு 2025 மார்ச்சில் செய்தது அப்படித்தான். அவருக்கு அதற்கு முந்தைய வருடம் முழங்கை வலிக்கு ஓய்வு கைகொடுத்து, ஜூனில் திரும்பியிருந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வலி முழங்கையில் இல்லை, தோளில் என்றால்?

அப்போது ஓய்வின் பக்கம் நான் இன்னும் சாய்வேன். தோள் ஆபரேஷனுக்குப் பிறகு பழையபடி எறிந்தவர்கள் முழங்கையைவிடக் குறைவு. ஆனால் அங்கும் எளிய பதில் கிடையாது. 2008ல் பாஸ்டனின் கர்ட் ஷில்லிங் தன் மருத்துவர் சொன்னபடி ஆபரேஷன் வேண்டும் என்றார், அணி ஓய்வும் பயிற்சியும் போதும் என்றது. அணியின் வழியில் போனார்கள், தேறவில்லை, ஜூனில் ஆபரேஷன். அதன் பிறகு அவர் ஒரு ஆட்டம்கூட எறியவில்லை. முதலிலேயே செய்திருந்தால் தேறியிருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. அவருக்கு அப்போது 41 வயது.

முடிவு யாருடையது, அணியுடையதா வீரருடையதா?

வீரருடையது. மேஜர் லீக் ஒப்பந்தப்படி அணி மருத்துவருக்கு வெளியே இன்னொருவரிடம் கருத்து கேட்க அவருக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை எல்லோரும் பயன்படுத்த வேண்டும். அணிக்கு அடுத்த மூன்று மாதம் பெரிது, அவருக்கு அடுத்த பத்து வருடம்.

பள்ளி வயதுப் பையனுக்கு இதே கணக்குதானா?

இல்லை. 12, 13 வயதில் முழங்கையின் உள்பக்கம் வலித்தால் பெரும்பாலும் பாதிப்பு ஜவ்வில் இருக்காது, எலும்பின் வளரும் முனையில் இருக்கும். அதற்கு ஓய்வே மருந்து. எறிவதை நிறுத்தினால் அநேகமாகச் சரியாகிவிடும். நிறுத்தாமல் எறிந்தால் அந்த எலும்புத் துண்டே பெயர்ந்துகொள்ளலாம்.

கவலை அதற்கு மேல் வயதில். அமெரிக்காவில் 2007 முதல் 2011 வரை நடந்த இந்த ஆபரேஷன்களில் பாதிக்கு மேல் 15 முதல் 19 வயதுள்ளவர்களுக்கு. வருடத்தில் 8 மாதத்துக்கு மேல் பிட்ச் செய்பவர்களுக்கு ஆபரேஷன் வரையிலான காயம் 5 மடங்கு, களைத்த கையோடு எறிபவர்களுக்கு 36 மடங்கு என்று ஓர் ஆய்வு கண்டது. மேஜர் லீக் பரிந்துரைக்கும் வரம்பு 15, 16 வயதுக்கு ஒரு நாளில் 95 பந்து, 76ஐ எட்டினால் 4 நாள் ஓய்வு. இந்த வயதில் பாதிக் கிழிவு என்றால் ஒரு சீசன் முழுக்க விட்டுக்கொடுத்தாவது ஓய்வை முயல வேண்டும். கல்லூரிக்குப் பிறகு பிட்ச் செய்யப்போவதில்லை என்று அந்தப் பையனுக்கே தெரிந்தால், முழுக் கிழிவாக இருந்தாலும் ஆபரேஷன் தேவைப்படாமல் போகலாம். வேறு இடத்தில் ஆடலாம், வேறு ஆட்டம் ஆடலாம். அவனிடம் தனியாக உட்கார்ந்து இதைக் கேளுங்கள், பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாதபோது.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது என்ன கேட்க வேண்டும்?

பாதியா முழுசா, மேல்முனையா கீழ்முனையா, தசைகள் நன்றாக இருக்கின்றனவா, நரம்பில் பாதிப்பு உண்டா, ஓய்வு கொடுத்தால் எந்தத் தேதியில் மறுபடி பார்ப்பீர்கள், அன்றைக்கு என்ன தெரிந்தால் ஆபரேஷன் என்பீர்கள். கடைசி இரண்டுக்கும் தெளிவான பதில் வரவில்லையென்றால், பிட்சர்களுக்கு இதையே தொடர்ந்து செய்யும் இன்னொரு மருத்துவரிடம் ஸ்கேனைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.